மனை யாருக்கு? – செங்கல்பட்டுச் சீமையின் கதை

சென்னையை விட்டுத் தெற்கே எந்தச் சாலையில் போனாலும், தாம்பரம் தாண்டிய ஜி.எஸ்.டி. சாலையானாலும் சரி, பழைய மகாபலிபுரம் சாலையானாலும் சரி, கிழக்குக் கடற்கரைச் சாலையானாலும் சரி, கண்ணில் படுகிற சொல் ஒன்றுதான்: மனை. வீட்டுமனை, வில்லா மனை, அங்கீகாரம் பெற்ற மனை, கடல் பார்த்த மனை. ஏரி வரத்துக் கால்வாய் ஓரத்தில்கூடக் கலர்க்கொடி கட்டிக் கல் நட்டு வைத்திருக்கிறார்கள். இந்த மாவட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பல்லவர் சிற்பம், ஏரி, கோயில், கடல் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு இந்த ஒரு சொல் போதும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் ஆயிரத்து நூறு வருஷக் கதை கிடைக்கிறது. இந்த மண்ணில் உழைத்தவனுக்கு அவன் குடிசை நின்ற இடம்கூடச் சொந்தமில்லை என்று எப்படி ஆக்கினார்கள், அதை அவன் எப்படி எதிர்த்து நின்றான் என்பதே அந்தக் கதை. மற்றதெல்லாம் அதன்மேல் பூசிய சுண்ணாம்பு.

செங்கல்பட்டு என்று நான் சொல்வது பழைய சீமையை. அண்ணா பேர், எம்.ஜி.ஆர். பேர் எல்லாம் இந்த மாவட்டத்தோடு ஒட்டிப் பிறகு உதிர்ந்தன. 1997இல் அதைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரித்தார்கள். 2019 நவம்பர் 29 முதல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. ஒரு காலத்தில் இந்த ஜில்லாவின் கலெக்டர் சைதாப்பேட்டையில் உட்கார்ந்திருந்தார். சைதாப்பேட்டை இன்றைக்குச் சென்னையின் நடுவில் இருக்கிறது. பட்டணம் இந்த ஜில்லாவைத் தின்றுதான் வளர்ந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

முதலில் உத்திரமேரூர். 1997 வரை அது செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்; இப்போது காஞ்சிபுரத்தில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே உள்ளன. குடவோலை முறை, உலகுக்கே முன்மாதிரியான மக்களாட்சி என்று பள்ளிக்கூடப் புத்தகம் முதல் மேடைப்பேச்சு வரை சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கல்வெட்டை முழுசாகப் படித்தால் என்ன தெரிகிறது? அது பிராமணர்களின் சபை. குடத்தில் ஓலை விழவேண்டுமென்றால் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் இருக்கவேண்டும், வேதம் தெரிந்திருக்கவேண்டும், தன் மனையில் தான் கட்டிய வீட்டில் குடியிருக்கவேண்டும். மனை இருப்பவன் ஆள்வான், மனை இல்லாதவன் ஆளப்படுவான் என்பதைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தமிழ் எம்.ஏ.யில் கல்வெட்டியல் பாடம் இருந்தது. கால் வேலி என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கால் வேலியை உழுதவன் எங்கே படுத்துத் தூங்கினான் என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை.

அவன் படுத்த இடத்துக்கும் கல்வெட்டில் பெயர் உண்டு. அதற்குச் சோழநாட்டுக்குப் போகவேண்டும். இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள், இறை இல்லாத நிலங்களைக் கணக்குச் சொல்லும்போது ஊர்நத்தத்தையும் குளத்தையும் சொல்லி, அவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் சுடுகாட்டையும் சேர்த்துச் சொல்கின்றன. ஊர் வேறு, சேரி வேறு என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பிரிவினை என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள். அவர்கள் முதலில் தங்கள் மன்னர்கள் வெட்டிய கல்லைப் படிக்கட்டும்.

தொண்டைமண்டலத்து வெள்ளாளர்கள் தங்கள் காணியாட்சிக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். இந்த நாடு முழுக்கக் குறும்பர்கள் கையில் இருந்ததாம். ஆதொண்டைச் சக்கரவர்த்தி வந்து குறும்பரை அழித்து, 24 கோட்டமாக இருந்த நாட்டில் வெள்ளாளரைக் குடியேற்றினானாம். அதனால் நிலம் அவர்களுடையதாம். கதையை அப்படியே ஏற்றுக்கொள்வோம். அதன்படி பார்த்தாலும் இது ஏற்கெனவே குடியிருந்தவர்களிடமிருந்து பிடுங்கிய நாடு. பிடுங்கினவன் கதை உரிமைப் பத்திரம் ஆகிவிட்டது. பிடுங்கக் கொடுத்தவன் கதையை யாரும் கேட்கவில்லை.

கேட்டு எழுதிக்கொண்டவர்கள் கம்பெனிக்காரர்கள். 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கொஞ்ச காலம் நவாபே குத்தகைக்கு வைத்திருந்தார். 1780இல் கம்பெனி நேரடியாக எடுத்துக்கொண்டது. அதே வருஷம் ஹைதர் அலியின் படை வந்தது, ஊர்கள் காலியாயின. ஓடிப்போன குடிகளைத் திரும்பக் கூப்பிட்டு நிலவரி வாங்கவேண்டும். யாரிடம் வாங்குவது? நிலம் யாருடையது? 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் தொடங்கி, கம்பெனி உத்தியோகஸ்தர்கள் பல வருஷம் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார்கள்.

இங்கேதான் எல்லீஸ் வருகிறார். நம் தமிழ்த்துறைகள் 'எல்லீசன்' என்று செல்லமாகக் கூப்பிடுகிற அதே பிரான்சிஸ் வைட் எல்லீஸ். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இலேயே எடுத்துச் சொன்னவர், குறளுக்கு உரை எழுதியவர். எல்லாம் சரிதான். அதே ஆண்டில் அவர் இன்னொன்றும் எழுதினார். மிராசு உரிமை பற்றி அரசாங்கம் கேட்ட 17 கேள்விகளுக்கான பதில்கள் அவை, 1818இல் அச்சாயின. அரபுச் சொல்லான மிராசும் தமிழ்ச் சொல்லான காணியாட்சியும் ஒன்றுதான், அது வழிவழியாக வந்த சொத்துரிமை என்று வெள்ளாளர், பார்ப்பனர் பக்கத்துச் செய்தியை நூலறிவோடு நிலைநாட்டிக் கொடுத்தார். அவருக்குச் செய்தி சொன்னவர்கள் யார்? கணக்குப்பிள்ளையும் மிராசுதாரும் கச்சேரிப் பண்டிதரும்தான். படியாளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டதாக இல்லை. மொழி ஆய்வில் அவர் நமக்குச் செய்த நன்மையைப் பற்றி விழா எடுக்கிறோம். நில ஆய்வில் அவர் யாருக்கு நன்மை செய்தார் என்பதையும் அதே விழாவில் ஒருவர் எழுந்து பேசவேண்டாமா?

மிராசுக்காரனுக்கு விளைநிலத்தில் மட்டும் பங்கு இல்லை. தரிசில் பங்கு, தோப்பில் பங்கு, ஏரி மீனில் பங்கு, நத்தத்திலும் பங்கு. சேரி நின்ற இடமும் அவன் மிராசுக்குள் அடக்கம். கடனுக்கு எழுதிக்கொடுத்துப் படியாள் ஆனவன் அப்பன் கடனை மகன் சுமந்தான், மகன் கடனைப் பேரன் சுமந்தான். 1843இல் அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் வந்தது. சட்டம் ஆளை விடுவித்தது. ஆள் நின்ற தரையை விடுவிக்கவில்லை. சங்கிலியைக் கழற்றிவிட்டு, நிற்கிற இடம் என்னுடையது என்று சொன்னால், அதுவும் சங்கிலிதானே?

மதுராந்தகம் பக்கம் ஒரு சேரியில் எண்பதைத் தாண்டிய ஆயா ஒருவர், தன் மாமியார் சொன்னதை எனக்குச் சொன்னார்: "ஆண்ட வூட்டு மாடு வந்து நம்ம கூரயத் தின்னாலும் வெரட்டக்கூடாது கண்ணு. ஏன்னா, கூரயும் அவங்க காட்டுப் புல்லு, தரையும் அவங்க தரை. 'வூட்டப் பிரிச்சிக்கினு போடா'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சிபோச்சு. அடுத்த ஊருக்காரன் எடம் குடுப்பானா? அவனும் இவனும் மாமன் மச்சான். அடிக்கவே வாணாம் நைனா, அந்த ஒரு வார்த்த போதும்."

'அந்த ஒரு வார்த்தை' எப்படி வேலை செய்தது என்பதை அரசாங்கக் காகிதத்தில் எழுதி வைத்தவர், செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் பொறுப்பில் இருந்த ஜே.எச்.ஏ. திரமென்கீர். 1891 அக்டோபரில் அவர் 'செங்கல்பட்டுப் பறையர் பற்றிய குறிப்பு' என்ற அறிக்கையை அனுப்பினார். வறுமையை மட்டும் அவர் எழுதியிருந்தால் அது இன்னொரு இரக்கக் கட்டுரையாகப் போயிருக்கும். வறுமை எப்படி உற்பத்தியாகிறது என்று எழுதினார். தரிசு நிலத்துக்குப் பறையர் தர்க்காஸ்து போட்டால், விதிப்படி முதல் உரிமை மிராசுதாருக்கு. அவன் உழவேமாட்டான், ஆனால் வேறொருவன் உழவும் விடமாட்டான். காரணம் எளிது. தரிசு பறையன் கைக்குப் போனால் படியாள் கிடைக்கமாட்டான். அதையும் மீறி ஒருவன் கேட்டால், அவன் குடிசை நிற்கும் மனை யாருடையது என்ற பேச்சு எழும். ஆக, நிலம் இல்லாததும் மனை இல்லாததும் இரண்டு தனிக் குறைகள் அல்ல. ஒன்று இன்னொன்றின் பூட்டு.

திரமென்கீர் தானாக விழித்துக்கொண்டவர் அல்ல. அந்த வருஷங்களில் செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து சபைப் பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூ போன்றவர்கள் இந்த விஷயத்தைப் பத்திரிகைகளிலும் மனுக்களிலும் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தர்க்காஸ்து போட்டு அடிபட்ட, பேர் தெரியாத நூற்றுக்கணக்கான எங்கள் முன்னோர்கள் நின்றார்கள். அறிக்கையை எழுதியது கலெக்டரின் பேனா. எழுத வைத்தது சேரி. 1892 செப்டம்பர் 30இல் அரசாணை எண் 1010 வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று தரிசு நிலங்களை ஒதுக்கும் வழி திறந்தது. இவைதான் 'பஞ்சமி நிலம்'. தாலுகா ஆபீஸ் பாஷையில் 'டி.சி. நிலம்'. பிற்பாடு இவற்றுக்கு நிபந்தனை வகுத்தார்கள். முதல் 10 வருஷம் யாருக்கும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மாகாணம் முழுக்க 12 இலட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் முன்வைக்கிற கணக்கு. அந்தக் கணக்கு தொடங்கிய இடம் இந்தச் செங்கல்பட்டு மண்.

இந்தச் சீமைக்குப் பக்கத்தில் பட்டணம் இருந்தது. அதுவே இதன் தனிக்குணம். தஞ்சாவூர்ப் பண்ணையாளுக்கு ஓடினால் வயலுக்கு அப்பாலும் வயல்தான். செங்கல்பட்டுப் படியாளுக்கு ஒரு ராத்திரி நடந்தால் பரங்கிமலை ராணுவக் குடியிருப்பு, துரைமார் பங்களா, ஆலை, ரயில்வே, துறைமுகம். கூலி பணமாகக் கிடைத்தது. கப்பலும் கிடைத்தது. 1860இல் தொடங்கி நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் செங்கல்பட்டு ஜில்லாக்காரர்கள் நிறையப் பேர். கரும்புத் தோட்டத்துக் கொடுமை தெரியாமல் போனார்கள் என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. இங்கே இருந்த கொடுமை தெரிந்துதான் போனார்கள்.

ஓட்டம் மட்டும் இல்லை, குரலும் இந்த மண்ணிலிருந்து கிளம்பியது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல், இழிவாக எறியப்பட்ட சொல்லையே பெயராக எடுத்துப் 'பறையன்' என்று பத்திரிகை நடத்தினார். 1924இல் சென்னைச் சட்டசபையில், பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் எங்களுக்கு உரிமை உண்டு என்று தீர்மானம் கொண்டுவந்தார். அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். 1883இல் பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜாவும் அன்றைய இந்த ஜில்லாக்காரர்தான். சாலை, கிணறு, பள்ளி, நிலம் என்று இவர்கள் பேசியதெல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே விஷயம்: பொது என்று சொல்லப்படுகிற இடத்தில் எங்கள் கால் படலாமா, கூடாதா?

இனி கடற்கரைப் பக்கம். கோவளம் முதல் செய்யூர் வரை நீளும் மணலுக்குத் தனிக் கதை. கோவளத்தில் கோட்டை இருந்தது; சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன் கோட்டை; இடைக்கழிநாட்டு ஆலம்பரையில் இன்னொன்று. கோட்டைகள் இடிந்தன, உப்பளமும் சவுக்குத் தோப்பும் நின்றன. பட்டணத்து அடுப்புக்கும் ரயில் இஞ்சினுக்கும் விறகு வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் இந்த மணலில் சவுக்கு வைத்தார்கள். கன்று பிடிக்கும்வரை பானையில் தண்ணீர் சுமந்து ஊற்றவேண்டும். சேரிப் பெண்களும் பிள்ளைகளும் சுமந்தார்கள். கன்று பிடித்துவிட்டால் வெட்டும்வரை ஆள் வேண்டாம். வயலாக இருந்தால் வருஷத்தில் சில மாசமாவது கூலி. சவுக்காக மாறினால் அதுவும் போச்சு. வெட்டும் வேலைக்கு இருளர்களை முன்பணம் கொடுத்துப் பிடித்து வந்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தபிறகும் இந்தப் பகுதியின் மரம்வெட்டும் தோப்புகளிலும் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் இருளர் குடும்பங்கள் அடைபட்டுக் கிடந்ததும், அதிகாரிகள் போய் மீட்டதும் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்த செய்தி. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது ஒரு உண்மை வெளிச்சமானது. நிவாரணம் படகுக்கும் வலைக்கும் கணக்குப் பார்த்தது. படகில்லாத, கரையில் கூலி செய்த தலித்துகளும், உப்பங்கழியில் கையால் இறால் தடவிப் பிழைத்த இருளர்களும் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். உடைமை இல்லாதவனுக்கு இழப்பும் இல்லை என்பது அரசாங்கத்தின் கணக்கு.

பஞ்சமி நிலம் எப்படிப் போனது? யாரும் ராத்திரியில் வந்து தூக்கிக்கொண்டு போகவில்லை. கல்யாணக் கடனுக்குக் கைரேகை. வறட்சி வருஷத்தில் ரெண்டு மூட்டை நெல்லுக்கு வாய்ப்பேச்சு அடகு. கூடவே இருந்த வேலையாள் பேரில் பினாமி. 1979இல் தொடங்கி 1980களில் நடந்த நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டம், 'யு.டி.ஆர்.' என்று ஊரில் சொல்வார்கள், அனுபவத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்துப் பட்டாவில் பேர் ஏற்றியது. பழைய 'அ' பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் இருந்த 'டி.சி.' என்ற இரண்டு எழுத்து புதுப் பதிவேட்டில் பல இடங்களில் வரவில்லை. இரண்டு எழுத்துப் போனால் ஒரு சேரியின் நிலம் போயிற்று. நாங்கள் ஒரு தாலுகா அலுவலகத்தில் பழைய பதிவேட்டைக் கேட்டு நான்கு முறை நடந்தோம். ஐந்தாம் முறை, "அது செல்லரிச்சுப் போச்சு சார், புதுசுல பாத்துக்கோங்க" என்றார்கள். கூட வந்த தாத்தா வெளியே வந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "செல்லுகூட நம்ம பக்கத்தப் பாத்துதான் அரிச்சிருக்குது பாரு."

1994இல் இந்த மாவட்டத்துக் காரணையில் மக்கள் கேட்டது அந்த இரண்டு எழுத்தைத்தான். ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை மீட்போம் என்று இறங்கினார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலையை நட்டார்கள். மனைக்காரன் எல்லைக்கல் நடுகிறான், நாங்கள் எங்கள் தலைவரை நட்டோம். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்தார்கள். கலெக்டர் ஒருவர் அறிக்கை எழுதி நூற்று மூன்று வருஷம் கழித்து, அதே செங்கல்பட்டில், அந்த அறிக்கையால் கிடைத்த நிலத்தைக் கேட்டதற்குத் துப்பாக்கிக் குண்டு. நூற்றாண்டு விழா இப்படித்தான் நடந்தது.

அந்த நேரத்தில்தான் நிலத்தின் விலை மாறத் தொடங்கியிருந்தது. 1980இல் மறைமலை நகர் துணைநகரம். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம். 1990களில் கார் ஆலைகள். அதன்பின் கிழக்குக் கடற்கரைச் சாலை. பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் கம்பெனிகள். கரம்பு என்று எங்களுக்கு ஒதுக்கியது, மிராசுதார் வேண்டாம் என்று விட்டது, களர், மேடு, மணல். அதுதான் சாலையோரமாக இருந்தது. அதற்குத்தான் விலை ஏறியது. ஒரு காலத்தில் சேரிக்காரன் பட்டணத்துக்கு ஓடினான். இப்போது பட்டணம் அவனைத் தேடி வந்தது, பத்திரத்தோடு.

ஓடிப்போனவன் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் குடிசை போட்டு மூன்று தலைமுறை பட்டணத்தைக் கட்டினார்கள், கழுவினார்கள். 2000 முதல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெருமளவில் பெரும்பாக்கம் என்று அவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். கொண்டுவந்த இடம் எது? பழைய செங்கல்பட்டு ஜில்லா. பெரும்பாக்கம் இன்றைக்கும் செங்கல்பட்டு மாவட்டம்தான். தாத்தா எந்தச் சீமையைவிட்டு ஓடினாரோ அந்தச் சீமைக்கே பேரன் திரும்பி வந்திருக்கிறான். அடுக்குமாடியில் நாலாவது, அஞ்சாவது தளம். கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. காலுக்குக் கீழே தரை மட்டும் இன்னும் இல்லை. சேரி முன்பு ஊருக்கு வெளியே படுத்துக் கிடந்தது. இப்போது ஊருக்கு வெளியே நிற்கிறது.

இதையெல்லாம் ஒப்பாரியாக எழுதவில்லை. வேலையாகச் சொல்கிறேன். பழைய காலத்தில் இரண்டு ஊருக்குள் எல்லைத் தகராறு வந்தால், எல்லை எங்கே என்று நடந்து காட்டச் சேரி வெட்டியானைத்தான் கூப்பிட்டார்கள் என்று வெள்ளைக்காரர்களே பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு அடி மண் சொந்தமில்லாதவன் சொல்தான் மண்ணுக்குச் சாட்சி. அந்த அறிவு இன்னும் சில பெரியவர்களிடம் மிச்சம் இருக்கிறது. எந்தப் பாறைக்குக் கிழக்கே டி.சி. நிலம், எந்தப் பனைவரிசை வரை சேரி நத்தம் என்று அவர்களுக்குத் தெரியும். பனை போய்விட்டது, பாறையை உடைத்து ஜல்லியாக்கிவிட்டார்கள், அவர்கள் இருக்கிறார்கள். மாணவத் தோழர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறீர்கள். உங்கள் ஊருக்குப் போங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஆயாவையோ தாத்தாவையோ கூட்டிக்கொண்டு எல்லையை நடந்து பாருங்கள். நடந்ததை எழுதுங்கள், வரைபடம் போடுங்கள், தேதி போடுங்கள். வழக்கு மன்றத்துக்குப் போகும்போது கவிதையைவிட அது உதவும். பெரியவர்கள் வெயிலில் நடக்கமாட்டார்கள், காலையிலேயே கூட்டிப்போங்கள்.